‘கம்ப்யூட்டர்ல போட்டா விடை வந்துரும்’னு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை, டெங்கி பரவறத ‘பின்ன சமன்பாடு’ வெச்சு கணக்குப் போடறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். தமிழ்ல இதெல்லாம் யாராவது எழுதறதே அபூர்வம், அதுவும் எங்க புளோக் கீழ டெங்கி எச்சரிக்கை சிவப்பு பேனர் தொங்கிட்டு இருக்கற நேரத்துல வந்திருக்கு, எழுதுனவருக்கு நன்றி சொல்லிடுங்க. ஆனா கடைசிக்கு முந்தின பத்தியில “இந்தச் சமன்பாட்டை கம்ப்யூட்டர்ல போட்டா விடை வந்துரும்”னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதப் படிச்சப்ப கோப்பி புரை ஏறிடுச்சு. நான் வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைமா மாஸ்டர்ஸ் படிக்கறேன், அந்த ஒரு வரியிலதான் போன ஒன்றரை வருஷமா குடியிருக்கேன்.

முதல்ல பேரு. கட்டுரையில ‘பின்ன சமன்பாடு’னு போட்டிருந்தீங்க. எங்க வீட்டுல பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போற பையன் எட்டிப் பாத்துட்டு “அப்பா இது எனக்கே தெரியுமே”ன்னான். அவன் படிக்கற பின்னம் வேற. இங்க பின்னமா இருக்கறது வகையிடற வரிசை, அதாவது மாறற வீதத்தை எத்தனை தடவ எடுக்கறோம்ங்கறது. தூரத்தை ஒரு தடவ வகையிட்டா வேகம், ரெண்டு தடவ வகையிட்டா முடுக்கம், அரைத் தடவ வகையிட்டா என்ன வரும்ங்கறதுதான் கேள்வி. ‘பின்ன வரிசை வகைக்கெழு’ன்னா சரியா இருக்கும், அதுகூட முழுசா சரியில்ல, ஏன்னா வரிசை பின்னமாத்தான் இருக்கணும்னு இல்ல, ரூட் 2 கூட வைக்கலாம். இந்தக் கேள்வி கிளம்புனதே ஒரு கடிதத்துலதான், 1695 செப்டம்பர் 30ல கணித மேதை லைப்னிட்ஸ் இன்னொரு கணிதவியலாளர் லோபிதாலுக்கு எழுதுனது, இது முரண்பாடு மாதிரி தெரியுது ஆனா ஒரு நாள் இதுலேர்ந்து பிரயோஜனம் வரும்ங்கற அர்த்தத்துல எழுதியிருக்கார். விடையும் விசித்திரம்தான், x-ஐ அரைத் தடவ வகையிட்டா x-ஐ பை-யால வகுத்து அதோட ரூட்டை ரெண்டால பெருக்குனது வரும். வட்டமே இல்லாத இடத்துல பை எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் ஒரு வாரம் மண்டைய ஒடச்சிக்கிட்டேன். காமா ஃபங்ஷன் (ஃபேக்டோரியலை முழு எண் இல்லாததுக்கும் நீட்டுனது) வழியா வருது, அத விடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சாதாரண வகைக்கெழு சமன்பாட்டுல நாளைக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட இன்னைக்கு நிலவரம் தெரிஞ்சா போதும், நேத்து என்ன நடந்துச்சுன்னு அது கேக்காது. பின்ன வரிசை அப்படி இல்ல, ஆரம்ப நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நடந்த அத்தனையும் வேணும்னு கேக்கும். கல்யாணத்துல சீர் பத்தலனு முப்பது வருஷம் கழிச்சும் சொல்லிக் காட்டற பெரியம்மா எல்லா குடும்பத்துலயும் இருப்பாங்கல்ல, அந்த ரகம். பழசுக்கு மதிப்பு குறையும், ஆனா மறக்காது.

எப்படி குறையும்னு பாத்தா நம்ம ஊரு பழைய அளவுகளே வந்து நிக்குது. குரூன்வால்டு (1867), லெட்னிகாவ் (1868) ரெண்டு பேரும் குடுத்த வழியில, வரிசை அரைன்னா, இன்னைக்கு மதிப்பை ஒண்ணால பெருக்கணும், முந்தின ஸ்டெப்பை (நேரத்தை சின்னச் சின்ன துண்டா வெட்டுனா ஒரு துண்டு ஒரு ஸ்டெப்) மைனஸ் அரையால, அதுக்கு முந்தினத மைனஸ் அரைக்காலால (எட்டுல ஒண்ணு), அதுக்கும் முந்தினத மைனஸ் வீசத்தால (பதினாறுல ஒண்ணு). அரை, அரைக்கால், வீசம், பாட்டி வாய்ப்பாடு மாதிரியே போகும். அடுத்தது 128ல 5, அதுக்கு பாட்டிகிட்டயும் பேரு இல்ல. மொத்தத்தையும் கூட்டி, ஸ்டெப் அளவோட ரூட்டால வகுத்தா அரை வகைக்கெழு கிடைச்சிரும். கேக்க ரொம்ப சிம்பிள், புரோகிராமா எழுதுனா பத்து வரி.

நானும் எழுதுனேன். என் வேலை மெஷினுக்கு அடியில வைக்கற ரப்பர் பேடு சம்பந்தப்பட்டது. ஸ்பிரிங்கா இருந்தா எவ்வளவு அமுங்குதோ அதப் பொறுத்து விசை, எண்ணெய் டாம்பரா (ஷாக் அப்சார்பர் மாதிரி) இருந்தா எவ்வளவு வேகமா அமுங்குதோ அதப் பொறுத்து விசை, ரப்பர் ரெண்டுக்கும் நடுவுல, அதனால வரிசையும் பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எங்கயோ. (புரோட்டா மாவும் இதே கேஸ்தான், இழுத்துப் பாருங்க, கொஞ்சம் திரும்பி வரும், கொஞ்சம் வராது.) பத்தாயிரம் ஸ்டெப் ஓட்டுனேன், இருபத்தஞ்சு செகண்டுல முடிஞ்சது. ஒரு லட்சம் ஸ்டெப், முக்கால் மணி நேரம் கிட்ட ஆச்சு, சரின்னு கீழ போய் சாப்பிட்டு வந்தேன். பத்து லட்சம் ஸ்டெப் போட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி விட்டேன், திங்கட்கிழமை காலைல வேலைக்கு கிளம்பறப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு, லேப்டாப் ஃபேன் சத்தத்துல மூணு நாளா தூக்கமே இல்லன்னு வீட்டுல வசவு. ஏன்னா ஒவ்வொரு ஸ்டெப்பும் முன்னாடி உள்ள எல்லாத்தையும் கூட்டுது, அதனால ஸ்டெப் பத்து மடங்கானா வேலை நூறு மடங்கு. பத்தாயிரத்துக்கு அஞ்சு கோடி பெருக்கல், பத்து லட்சத்துக்கு ஐம்பதாயிரம் கோடி.

சரி, ரொம்ப பழசை வெட்டி விட்டுரலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ‘குறுகிய நினைவு’ன்னு இதுக்கு ஒரு பேரே இருக்கு. வெட்டுனேன், ஓட்டமும் வேகமா ஆச்சு, ஆனா ரிசல்ட் மெல்ல மெல்ல ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சது. அப்பறம்தான் உறைச்சது, வரிசை அரைன்னா வெட்டி விட்ட வால் பத்துல ஒரு பங்கா குறையணும்னா ஞாபகம் வெக்கற நீளத்தை நூறு மடங்கு ஆக்கணும். பெரியம்மாவ சமாளிக்க அது வழியில்ல. சரியான வழிகள் இருக்கு, அந்தப் பெரிய கூட்டலை எஃப்எஃப்டிங்கற வேகமான கணக்கு உத்தி வெச்சு துண்டு துண்டா முடிக்கறது ஒண்ணு. எனக்கு கைகொடுத்தது வேற, அந்த மெதுவா தேயற வெயிட்டை (பழச பெருக்கற எண்ணை) வேற வேற வேகத்துல மறக்கற சில டஜன் எக்ஸ்பொனென்ஷியல் (ஒவ்வொரு ஸ்டெப்புலயும் ஒரே விகிதத்துல தேயறது) சேர்ந்ததா எழுதறது, அப்ப முழு வரலாறும் வேண்டாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரன்னிங் டோட்டல் போதும். திங்கட்கிழமை வரைக்கும் முடியாத கணக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சது.

அதோட போகல. இந்த சமன்பாட்டோட விடை ஆரம்பத்துல செங்குத்தா கிளம்பும், நேரம் பூஜ்யத்துல சரிவு முடிவிலி. இந்த வகைக்கெழுவை கணக்கிட எல்1னு ஒரு முறை உண்டு, எல்லாரும் பயன்படுத்தறதுதான், வரிசை அரைன்னா, ஸ்டெப்பை பாதியாக்குனா தப்பு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா குறையும்னு காகிதத்துல இருக்கும். நான் பாத்தப்ப ஆரம்பத்துக்கு பக்கத்துல 1.4 மடங்குதான் குறைஞ்சது. எல்லா ஸ்டெப்பும் ஒரே அளவா வெச்சா அப்படித்தான், ஆரம்பத்துல பொடிப்பொடியாவும் போகப்போக பெருசாவும் வெக்கணும். இதெல்லாம் ‘கம்ப்யூட்டர்ல போட்டா’ங்கற வார்த்தைக்குள்ள மடிஞ்சு கிடக்கு.

டெங்கிக்கு வந்தா எனக்கு கொஞ்சம் சந்தேகமே உண்டு. ரப்பர் அப்படித்தான் மெதுவா தளரும்னு சோதனையிலயே தெரியுது. கொசு விஷயத்துல, முட்டை காஞ்ச தொட்டியில மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அதனால ‘நினைவு’ன்னு சொல்றதுல நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. கேப் வெர்டே தீவு நாட்டுல 2009ல வந்த டெங்கியை வெச்சு டீத்தெல்ம்ங்கற கணிதவியலாளர் 2013ல ஒரு மாடல் போட்டார், அவர் இந்த முறைகளையே உருவாக்குனவங்கள்ல ஒருத்தர், 2002ல ஃபோர்டு, ஃப்ரீட் கூட சேர்ந்து வெளியிட்ட பிரிடிக்டர் கரெக்டர் (முதல்ல உத்தேசமா போட்டு அப்பறம் திருத்தற) முறையத்தான் இன்னைக்கு பல பேர் அப்படியே எடுத்து ஓட்டறாங்க. ஆனா வேற பல பேப்பர்ல பாத்தா ஒண்ணுன்னு இருந்த வரிசையை 0.9னு மாத்தி, கோடு டேட்டாவோட ஒட்டுச்சுன்னு முடிச்சுடறாங்க. திருக ஒரு குமிழ் கூடுதலா இருந்தா எதுதான் ஒட்டாது? அதுவும் வரிசையை மாத்துனா ‘ஒரு நாளைக்கு இவ்வளவு’ங்கற அலகும் மாறிடும், கொசு கடிக்கற வீதத்தை பழைய எண்ணுலயே விட்டுட்டா இடது பக்கம் ஒரு அலகு, வலது பக்கம் ஒரு அலகு. காய்கறி கிலோவுல, விலை லிட்டருக்குன்னு பில் போட்ட மாதிரி.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். சிங்கப்பூர்ல 2020ல மட்டும் 35,000க்கு மேல டெங்கி கேஸ், அந்த எண்ணிக்கை மேல வளைவு வரைஞ்சு காட்டறப்ப வாசகர் நம்பத்தான் செய்வாங்க. அடுத்த தடவ கட்டுரையாளர்கிட்ட வரிசை எவ்வளவு, எந்த முறை, ஸ்டெப் எவ்வளவு, ஸ்டெப்பை பாதியாக்கி ஒரு தடவ ஓட்டிப் பாத்தாரா, இந்த நாலை மட்டும் கேட்டு ஓரத்துல ஒரு பெட்டி கட்டி போடுங்க. இடம் இல்லன்னா அந்த கொசு படத்தை கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம், அரைப் பக்கம் இருந்துச்சு.

இப்படிக்கு,
ஈசூன் வாசகன் ஒருவன்