அரசு பொறுப்பேற்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் காலையில் உங்கள் நாளிதழை விரித்த என் மாமியார், "எந்த நாட்லம்மா புது அரசு பொறுப்பேத்திருக்கு?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். 'குண்டுவெடிப்பு: இஸ்லாமிய அரசு பொறுப்பேற்றது' என்று தலைப்பு. அவரைக் குறை சொல்ல முடியாது. அரசு பொறுப்பேற்றது என்றால் தமிழில் பதவியேற்பு விழாதான் நினைவுக்கு வரும். அதே செய்திக்குள் 'ஐஎஸ்ஐஎஸ்' என்றும், பக்கத்துச் செய்தியில் 'டேஷ்' என்றும் இருந்தது. மூன்றும் ஈராக்கிலும் சிரியாவிலும் தலையெடுத்த ஒரே தீவிரவாதக் கூட்டம்தான் என்று சொன்னேன். "டேஷ்னா கோடிட்ட இடத்தை நிரப்புறதுல்ல?" என்று சிரித்தார்.

நான் 11 ஆண்டுகள் குவைத்தில் செவிலியராக வேலை பார்த்தவள். 2014இல் என்னோடு இரவுப் பணியில் இருந்த ஒரு சிரியப் பெண்ணுக்கு, அந்தக் கூட்டத்தின் பிடியில் இருந்த ரக்காதான் சொந்த ஊர். அந்த ஜூன் 29 அன்று அந்தக் கூட்டம் கிலாபத்தை, அதாவது கலீஃபாவின் ஆட்சியை, அறிவித்தது. பெயரிலிருந்து ஈராக்கையும் ஷாமையும் (சிரியாவும் அதன் அக்கம்பக்கமும்) வெட்டிவிட்டு, வெறும் 'அத்-தவ்லா அல்-இஸ்லாமிய்யா' (இஸ்லாமிய அரசு) ஆகிவிட்டது. ஈராக்கின் திக்ரித் மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர்கள் சிக்கியிருந்த நாட்கள் அவை. எங்கள் வார்டில் வேறு பேச்சே கிடையாது. ரக்காவில் வாய்திறந்தால் 'தவ்லா' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளுடைய அம்மா போனில் சொன்னாராம். இவளோ எங்களிடம் 'தாஇஷ்' என்பாள். அந்த ஆட்களைப் பன்மையில் 'தவாஇஷ்' என்பாள், காறித் துப்புகிற மாதிரி.

தாஇஷ் என்பது ஈராக்கும் ஷாமும் சேர்ந்திருந்த அவர்களுடைய பழைய அரபுப் பெயரின் முதலெழுத்துகள்தான்: தால், அலிஃப், அய்ன், ஷீன். அந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் இல்லை. ஆனால் காலில் போட்டு மிதிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லின் சாயல் அதில் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயரைக் கேட்டால் அவர்களுக்குக் கோபம். (அதை நீங்கள் 'டேஷ்' என்று எழுதினால் அரபிக்காரர் யாருக்கும் புரியாது.)

பெயர் மாற்றுவது இந்தக் கூட்டத்துக்குப் புதிதல்ல. இதைத் தொடங்கிய ஜர்காவியின் குழு 2004இல் பின்லேடனோடு சேர்ந்து, இரு நதிகளின் நாட்டு (ஈராக்) அல்-காய்தா ஆனது. 2006இல் ஈராக் இஸ்லாமிய அரசு. 2013இல் ஷாமும் சேர்ந்தது. ஷாம் என்றால் சிரியா மட்டுமல்ல, லெபனான், ஜோர்டான், பாலஸ்தீனமும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் சிலர் அதைச் சிரியா என்றும் சிலர் லெவன்ட் என்றும் பெயர்த்ததால்தான் ஐஎஸ்ஐஎஸ், ஐஎஸ்ஐஎல் என்று இரண்டு சுருக்கங்கள்.

பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் ஃபாபியூஸ், இது அரசே அல்ல என்று சொல்லி 2014இல் தாஇஷுக்கு மாறினார். பிபிசியும் 'இஸ்லாமிய அரசு' என்பதைக் கைவிட வேண்டும் என்று 2015இல் அப்போதைய பிரிட்டன் பிரதமர் கேமரூன் கேட்டார். நடுநிலை கெடும் என்று பிபிசி மறுத்துவிட்டது. எனக்கும் நாளிதழ் வசைப்பெயர் சூட்ட வேண்டும் என்ற ஆசை இல்லை. சரி, ஆனால் மொழிபெயர்ப்பாவது சரியாக இருக்க வேண்டாமா? அரபியில் நாட்டைக் குறிக்கும் 'தவ்லா' வேறு, ஆட்சி நடத்தும் 'ஹுகூமா' வேறு. தமிழில் இரண்டுக்கும் 'அரசு' என்றே போட்டுவிடுகிறோம். மேற்கோள் குறிகூட இல்லாமல் 'இஸ்லாமிய அரசு' என்று அச்சிட்டால், அவர்கள் சொல்லிக்கொள்வதை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. அவர்கள் கொன்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதையும் அந்தத் தலைப்பு மறைத்துவிடுகிறது.

'ஐ.எஸ். அமைப்பு' என்று ஒரே பெயரை எல்லாப் பக்கத்திலும் போடுங்கள். 'பொறுப்பேற்றது' என்பதற்குப் பதில் 'தாங்களே செய்ததாகக் கூறியுள்ளது' என்று எழுதலாம். ஆப்கானிஸ்தான் செய்தி வந்தால் 'ஐ.எஸ். கொராசான் கிளை' என்று விரித்தே எழுதுங்கள். 'ஐஎஸ்-கே' என்று போட்டால், அந்தக் 'கே' யார் என்று மாமியாருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)