ஒரு பூதக்கண்ணாடி கேட்டு

மதிப்பிற்குரிய காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சாமுவேல் பால்மர் கண்காட்சிக்குக் கடந்த சனிக்கிழமை வந்திருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியரான பால்மர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; சுவர் முழுக்க நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் கேட்பது சின்ன விஷயம். அவருடைய எட்சிங் படங்களை, அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மசியிட்டுத் தாளில் அச்சிட்ட படங்களை, கண் மட்டத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி வையுங்கள்.

இங்கிலாந்தின் ஷோரம் கிராமத்தில் 1826 முதல் சுமார் பத்தாண்டுகள் அவர் வரைந்தவற்றுக்குப் பெரிய அறை, நல்ல இடம். அதில் குறையில்லை. எட்சிங்குகளுக்கு ஒதுக்கியிருப்பதோ கடைக்குப் போகும் நடைவழி. ‘தனிமைக் கோபுரம்’ மேலே, ‘மணியடிப்பவர்’ கீழே. ஒன்றை அண்ணாந்து பார்க்க வேண்டும், மற்றதற்குக் குனிய வேண்டும். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் அடங்கிவிடும் படங்கள் இவை. வெளிச்சமும் மங்கல். பழைய தாளுக்கு வெளிச்சம் ஆகாது என்பது தெரியும். நானும் செப்புத் தகட்டில் வேலை செய்கிறவன், அதில் உங்களோடு சண்டையில்லை.

என் பக்கத்தில் வயதான அம்மையார் ஒருவர் கைத்தடியை ஊன்றிக் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதையே லென்ஸாகப் படத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது போலும். மெல்ல நிமிர்ந்து, “ஒரே இருட்டு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

அந்த இருட்டுக்குள் வெளிச்சத்தை விட்டுவைக்கத்தான் ஐயா, அந்த மனிதர் பாடுபட்டார். பூச்சிட்ட தகட்டை ஊசியால் கீறி அமிலத்தில் இடுவது, போதுமான அளவு அரித்த கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மீண்டும் அமிலத்தில் இடுவது என்று ஒரே தகட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். கோடுகள் எவ்வளவு நெருங்கினாலும் நடுவே மணல் பருமனில் வெள்ளைத் தாள் எட்டிப்பார்க்கும். நிழலுக்குள் மினுங்குவது அதுதான். கோபுரத்துச் சன்னலில் எரியும் விளக்கு, அடிவானத்துப் பிறை, அண்ணாந்து பார்க்கும் இடையர்கள், பாதையில் போகும் மாட்டுவண்டி எல்லாம் அந்தக் கையகலத் தாளில் இருக்கின்றன. ஆறடி தள்ளி நின்றால் வெறும் மசிக்கறை.

1850இல், 45 வயதில், முதல் தகட்டைத் தொட்டவர். 1881இல் இறப்பதற்குள் தம் கையால் முடித்தவை 13தான். நீங்கள் மேலும் கீழுமாக மாட்டியிருக்கும் இரண்டும் 1879இல், 74 வயதில் வந்தவை. உங்கள் விளக்க அட்டை இவற்றைப் ‘பிற்கால அச்சுகள்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறது.

கைப்பேசி விளக்கைப் போட்டேன். காவலர் ஓடிவந்து தடுத்தார். அவர் செய்தது சரி. பூதக்கண்ணாடி கிடைக்குமா என்று கேட்டேன். கடையில் விற்கிறார்கள் என்றார். உங்கள் பெயர் பொறித்த கைப்பிடியோடு ஒன்று வாங்கி வந்தேன். படத்தருகே அதை நீட்டக் கூடாது என்றார்.

1970களில் டாம் கீட்டிங் வரைந்த போலிப் பால்மர்கள் அசல் என்றே விலைபோயின. 1976இல்தான் குட்டு உடைந்தது. வாங்கியவர்களையும் இப்படி ஒரு நடைவழியில்தான் நிறுத்தி வைத்திருந்தார்களோ என்னவோ. பால்மரின் மகன் 1909இல் அப்பாவின் குறிப்பேடுகளையும் படங்களையும் அள்ளித் தீயிலிட்டார். யாருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது என்பது அவர் சொன்ன காரணம். உங்கள் நடைவழியைப் பார்த்திருந்தால், “நான் அப்போதே சொன்னேனே” என்றிருப்பார்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இரண்டு ஆணிகளை மாற்றி அடித்துப் படங்களை அருகருகே, கண் மட்டத்தில் மாட்டுங்கள். வங்கியில் பேனாவைக் கட்டிவைப்பதுபோல ஒரு பூதக்கண்ணாடியை நூலில் கட்டிவையுங்கள். முடிந்தால் அந்த அம்மையாரைப் போன்றவர்களுக்கு ஒரு நாற்காலியும் போடுங்கள். செலவுதான் தடை என்றால், நான் வாங்கியதையே திருப்பித் தருகிறேன். உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

பணிவுடன்,
நடைவழியில் குனிந்து நின்றவன்