விமானச் செய்தியோடு பதிவெண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விபத்து, அவசரத் தரையிறக்கம், எஞ்சின் கோளாறு என்று விமானத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பயண எண்ணை (ஃப்ளைட் நம்பரை) மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறீர்கள். எந்த விமானம் என்பது அதில் தெரிவதே இல்லை. இன்று அந்த எண்ணில் பறக்கும் விமானம் வேறு, நாளைக்குப் பறக்கப்போவது வேறாக இருக்கலாம்.

நான் வடசென்னையில் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் நிற்கும் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் தட எண் இருக்கும், பணிமனை எழுத்துகளோடு கழகம் வைத்த ஃப்ளீட் நம்பர் இருக்கும், அப்புறம் ஆர்.டி.ஓ. கொடுத்த பதிவெண். பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுக்கும் டிரைவர் தட எண்ணை மட்டும் எழுதினால் மெக்கானிக் எந்த வண்டியைப் போய்ப் பார்ப்பார்? விமானத்திலும் இதே கதைதான், பயண எண் தட எண் மாதிரி, பதிவெண்தான் எந்த வண்டி என்று சொல்வது.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்தது ஏஐ 171 என்று எல்லாருக்கும் தெரியும். அந்த போயிங் 787-8 விமானத்தின் பதிவெண் விடி-ஏஎன்பி. விபத்துக்குப் பிறகு ஏர் இந்தியா 171 என்ற எண்ணையே கைவிட்டு, அகமதாபாத்–லண்டன் சேவைக்கு 159 என்று மாற்றிவிட்டது. ஆனால் அந்த விமானம் எத்தனை வருடம் பறந்தது, எப்போது என்ன பழுது பார்த்தார்கள் என்ற வரலாறு முழுக்க விடி-ஏஎன்பி என்ற எண்ணோடுதான் கட்டுண்டு கிடக்கிறது. அந்த நாட்களில் எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் இதுதான் அந்த விமானம் என்று ஏதேதோ படம் வந்தது, பின்பக்கத்து எழுத்துகளைப் பார்த்தாலே அது இல்லை என்று தெரிந்திருக்கும், ஆனால் சரியான எழுத்து என்ன என்று காட்ட கையில் ஒரு பேப்பரும் இல்லை.

இந்த எண்களைப் பொருத்திப் பார்ப்பது சில நாடுகளில் இன்னும் கொஞ்சம் சிக்கல். அமெரிக்காவில் பதிவெண் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும், அதற்கு மேல் சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி ஃப்ளீட் நம்பர் வைத்துக்கொள்கின்றன. டெல்டா ஏர்லைன்ஸ் ஊழியர்கள் 1982-ல் சேர்ந்து காசு போட்டு கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்த போயிங் 767-இன் பதிவெண் என்102டிஏ, ஃப்ளீட் நம்பர் 102, இதில் குழப்பமே இல்லை. அதே கம்பெனியின் ஏர்பஸ் ஏ350 விமானத்தில் என்501டிஎன் என்ற பதிவெண்ணுக்கு ஃப்ளீட் நம்பர் 3501, ஒரு மூன்று முன்னால் சேர்ந்திருக்கிறது, அதுவும் பிடிபட்டுவிடும். ஆனால் என்661யுஎஸ் என்ற 747-ன் ஃப்ளீட் நம்பர் 6301! பட்டியல் கையில் இல்லாமல் இதை யாரும் ஊகிக்க முடியாது. அது நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் கம்பெனி டெல்டாவோடு இணைந்தபோது டெல்டாவுக்கு வந்த விமானம், 747-400 வகையில் முதன்முதலில் செய்யப்பட்டது. 1988-ல் சோதனைப் பறப்பின்போது அதன் பதிவெண் என்401பிடபிள்யூ. ஆக பதிவெண்ணும் மாறக்கூடியதுதான். மாறாதது தொழிற்சாலையில் கொடுத்த உற்பத்தி வரிசை எண் ஒன்றே, இந்த விமானத்துக்கு அது 23719. இப்போது அட்லாண்டாவில் டெல்டா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நம் ஊரில் அவ்வளவு கஷ்டம் இல்லை. விடி என்று தொடங்கி, அதற்குப் பிறகு மூன்று எழுத்துகள், பெரும்பாலும் அதுவே போதும். 2024 நவம்பரில் விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது பயண எண்கள் எல்லாம் ஏஐ 2 என்று தொடங்குவதாக மாறிவிட்டன, விமானங்களோ விடி-டி என்று தொடங்கும் அதே பழைய பதிவெண்களோடு பறந்தன. பயண எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழைய செய்தியையும் புதிய செய்தியையும் இணைக்கப் பார்க்கிறவர் இங்கேயே தொலைந்துபோவார். 1985-ல் குண்டு வெடித்து அயர்லாந்துக்கு அருகே கடலில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தை, அதற்கு வைத்திருந்த பெயரால், நாம் கனிஷ்கா என்றே சொல்கிறோம். பயண எண் 182, பதிவெண் விடி-இஎஃப்ஓ. ராஜேந்திர சோழன் பெயரிலும் ஏர் இந்தியாவிடம் ஒரு 747 இருந்தது. பெயர் வைத்துச் செய்தி எழுதிய காலத்தில் எந்த விமானம் என்ற சந்தேகமாவது இல்லை, இப்போது அந்தப் பெயர்களும் போய்விட்டன.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையன்கள் தலைக்கு மேலே போகும் விமானத்தை போனில் பார்த்து அதன் பதிவெண், வகை, வயது வரை சொல்கிறார்கள். காலையில் பேப்பரைப் பிரித்தால் அவர்களுக்குத் தெரிந்த அளவுகூட அதில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உங்கள் நிருபர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. நிறுவனத்திடமோ விமான நிலையத்திலோ கேட்கும்போது பயண எண்ணோடு பதிவெண்ணையும் கேட்டு, அடைப்புக்குறிக்குள் ஐந்து எழுத்து போட்டால் போதும். வெளிநாட்டு ஏஜென்சி செய்தியில் ஃப்ளீட் நம்பர் மட்டும் வந்திருந்தால் அதைப் பதிவெண் என்று போட்டுவிடாமல், கம்பெனி வைத்த எண் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, படத்தை வெட்டும்போது விமானத்தின் பின்பகுதியை வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பதிவெண் அங்கேதான் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81