தாமிரபரணி மீன்களையும் கணக்கெடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனத் துடுப்பு மீன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் மனது ஆறவில்லை. யாங்சி ஆற்றில் வாள் போன்ற நீண்ட மூக்கோடு ஏழு மீட்டர் வரை வளர்ந்ததாகச் சொல்லப்படும் மீன். முட்டையிட ஆற்றின் மேல்பகுதிக்கு ஏறிப் போகும். 1981இல் கெசோபா அணை குறுக்கே வந்ததும் வழி அடைபட்டது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு மிச்சத்தையும் முடித்தது. 2003இல் வலையில் சிக்கிய ஒரு மீனுக்குச் சிக்னல் கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள். சிக்னல் விரைவிலேயே தொலைந்தது. அதற்குப் பின் யாரும் அந்த மீனை உயிரோடு பார்க்கவில்லை. 1993 வாக்கிலேயே இந்த இனம் பெருக வழியில்லாத நிலைக்கு வந்துவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அழிந்ததாக அறிவிப்பு வந்தது 2022இல்.

அவ்வளவு பெரிய மீனுக்கே இந்தக் கதி என்றால், நம் ஆற்றுப் பொடிமீன்களை யார் தேடப் போகிறார்கள்? தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு சிறு கெண்டை இங்கே உண்டு: டாகின்சியா தம்ப்ரபர்னியை. வேறு எந்த நாட்டிலும் கிடையாது. அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்கும் அதைப் பிடிக்கிறார்கள்.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் தண்ணீரை அடைத்ததும் பள்ளங்களில் தேங்கும் மீனை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அள்ளுவார்கள். முன்பு அயிரை, ஆரால், குரவை, கெளுத்தி என்று கலந்து துள்ளும். இப்போது சட்டியில் பெரும்பாலும் ஜிலேபி (திலாப்பியா) மீன்தான். சாக்கடையும் அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) மணல் அள்ளியதும் சேர்ந்து செய்த வேலை இது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளும் பாசனத்துக்கு உயிர்நாடி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கடலில் பிறந்து ஆற்றுக்கு ஏறி வரும் விலாங்குக்கு ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி ஒவ்வொன்றும் ஒரு சுவர்.

எந்த அணைக்கட்டைப் பழுது பார்த்தாலும், மீன் ஏறிச் செல்லும் படிவழி ஒன்றை அந்தப் பணியிலேயே சேர்க்க வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அந்த எட்டு அணைக்கட்டுகளிலும் மீன் இனங்களைக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். ஆற்றில் வலை வீசிப் பிழைக்கும் பெரியவர்களையும் அந்தக் குழுவில் கூலி கொடுத்துச் சேர்க்க வேண்டும். எந்த மடுவில் எந்த மீன் இருந்தது, எப்போது காணாமல் போனது என்று சொல்ல அவர்கள்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேரன்மகாதேவி.