கொடைக்கானல் காளானும் உன் முப்பது வருடமும்

வத்தலக்குண்டு,
ஐப்பசி 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நீ கேட்டிருந்ததை மனதில் வைத்துக்கொண்டு தினமும் கொடிக்கால் பக்கம் நடந்துகொண்டே இருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். இங்கே இந்த வருடம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தேங்கினால் வெற்றிலைக்கு வாடல் வந்துவிடும் என்று தம்பி காலையிலேயே மண்வெட்டியோடு போய்விடுகிறான். என் முழங்கால் பரவாயில்லை. மல்லிகா மதுரையில் பேத்தியோடு இருக்கிறாள். இரவில் வீடு ரொம்ப அமைதி.

உன் தங்கை மகன் கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் போதைக் காளான் தின்றுவிட்டு வந்து, "மாமா, நான் என்று ஒன்று இல்லவே இல்லை" என்று அழுதான் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. "முப்பது வருடமாகத் திருவண்ணாமலை போய் உட்காருகிறேன், எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு நாலு மணி நேரத்தில் நடந்துவிட்டது. நானும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கலாமா?"

அந்தப் பையன் கண்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரியும். அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின் உள்ளே போனதும் சைலோசினாக மாறுகிறது. மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் போய் ஒட்டும் இடத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இதைச் சொல்லிவிட்டதாலேயே அனுபவம் பொய்யாகிவிடாது. பட்டினி விரதமும் மூச்சை அடக்குவதும் கூட மூளை வழியாகத்தானே வேலை செய்கின்றன? திடீரென்று வந்தது என்பதும் குற்றமில்லை. ரமணருக்கு 1896 ஜூலையில், 16 வயதில், மதுரை வீட்டு மாடியில் சில நிமிடங்களில் நடந்ததுதான். பதஞ்சலியும் யோக சூத்திரத்தில் நாலாம் பாதத்தின் முதல் சூத்திரத்திலேயே பிறப்பு, மந்திரம், தவம், சமாதி இவற்றோடு மூலிகையையும் சேர்த்திருக்கிறார். ஆனால் அவர் அங்கே பேசுவது சித்திகளைப் பற்றி. சித்திகள் சமாதிக்கு இடைஞ்சல் என்று முந்தின பாதத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1994ல் தென்னையிலிருந்து விழுந்து தோள் மூட்டு விலகியதே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பொருத்தும்போது கெட்டமின் என்ற மயக்க ஊசி போட்டார்கள். உடம்பு எங்கோ கீழே கிடந்தது. நான் என்று யாரும் இல்லை, ஆனால் எல்லாம் இருந்தது. எதன் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. கண் விழித்தபோது வார்டில் கூட்டுகிற அம்மாவைப் பார்த்து அழுதேன். அத்தனை அழகாகத் தெரிந்தாள். இரண்டு வாரம் அந்த ஈரம் இருந்தது. மூன்றாவது வாரம், வாய்க்கால் தண்ணீருக்காகத் தம்பி மேல் போட்டிருந்த வழக்கின் வாய்தாவுக்கு திண்டுக்கல் போனேன். வாபஸ் வாங்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. இன்று வரை எனக்குப் புரியாதது அதுதான். பார்த்தது அத்தனை பெரிது. அது என் வரப்பு வரைக்கும் கூட வரவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியா சபீனா ஞாபகம் வருவாள். மெக்சிகோவில் வஹாக்கா மலையில், ஹுவாவுட்லா என்ற ஊரில் மசாடெக் இனத்துக் கிழவி. எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காளான்களைப் 'புனிதக் குழந்தைகள்' என்றுதான் சொல்வாள். ஊரில் யாருக்காவது சுகமில்லை என்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, காளானைத் தின்று, விடிய விடியப் பாடுவாள். நோய் எங்கிருந்து வந்தது என்று அந்தக் குழந்தைகள் அவளுக்குச் சொல்லும். 1955ல் நியூயார்க்கிலிருந்து வாசன் என்ற வங்கி அதிகாரி வந்தார். தன் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, அவன் எப்படி இருக்கிறான் என்று தெரியவேண்டும் என்று சொல்லித்தான் அந்த இரவில் இடம் பிடித்தார். 1957ல் லைஃப் பத்திரிகையில் அதை எழுதினார். அவள் பெயரையும் ஊரையும் மறைத்துத்தான் எழுதினார், ஆனாலும் ஊர் தெரிந்துவிட்டது. அப்புறம் அறுபதுகளில் உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் அந்த மலைக்கு ஏறினார்கள். கண்ட இடத்தில், கண்ட நேரத்தில் காளானைத் தின்றார்கள். பின்னாலேயே போலீஸ் வந்தது. ஊர் அவளைப் பழித்தது. அவள் வீடு எரிந்தது. அவளையே பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். 1985ல் வறுமையிலேயே செத்துப்போனாள்.

வாழ்வின் கடைசிப் பகுதியில் அவள் சொன்னதை வாசித்து நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசனுக்கு முன்னால் யாரும் கடவுளைக் காண்பதற்காக அவற்றைத் தின்றதில்லை, நோயாளி குணமாகத்தான் தின்றோம் என்கிறாள். வெளியார் வந்த பிறகு அந்தக் குழந்தைகளின் சக்தி போய்விட்டது என்கிறாள். யோசித்துப் பார், சண்முகம். மலை ஏறி வந்தவர்களில் பலர் அங்கே உண்மையாகவே ஒளியைக் கண்டிருப்பார்கள். அந்த ஒளி யாரையும் எரிந்துபோன அவள் வீட்டுக்கு ஒரு கீற்று முடைந்து போட வைக்கவில்லையே. எனக்கு இதில் கோபம் உண்டு. என் இரண்டு வார ஈரத்தின் மேலும் அதே கோபம்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஆல்பர்ட் எத்தனையோ முறை எல்எஸ்டி என்ற போதை மருந்தைச் சாப்பிட்டவர். ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி வரவேண்டியிருந்ததே என்பதுதான் அவருடைய துக்கம். 1967ல் இந்தியா வந்து இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபாவைச் சந்தித்தார். பெரியவர் அந்த மாத்திரைகளைக் கேட்டு வாங்கி மூன்றை மொத்தமாகப் போட்டுக்கொண்டார், அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று ஆல்பர்டே எழுதியிருக்கிறார். ராம் தாஸ் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். எல்லோரையும் நேசி, எல்லோருக்கும் தொண்டு செய் என்று குரு சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

1978ல் பார்வையிழப்பைத் தடுக்க அமெரிக்காவில் சேவா என்று ஓர் அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர்களில் ராம் தாஸ் ஒருவர். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் வெங்கடசாமியும் ஒருவர். டாக்டர் எந்தக் காளானும் தின்றவரில்லை. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு கண்புரை அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அரவிந்தரின் வழியில் வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். 1992ல் அங்கே லென்ஸ் செய்யும் ஆரோலேப் வந்ததிலும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்ததிலும் சேவாவின் கை உண்டு. உன் அம்மாவுக்கு 1999ல் மதுரையில் லென்ஸ் வைத்தார்களே, கட்டுப் பிரித்ததும் "சண்முகம், உனக்கு நரைச்சுப் போச்சேடா" என்றார்களே. அந்த மேஜையில் படுத்திருந்தபோது, இதன் பின்னால் இருந்தவர்களில் யார் எல்எஸ்டி வழியாக வந்தவர், யார் தியானம் வழியாக வந்தவர் என்று அம்மாவுக்கு ஏதாவது வித்தியாசம் இருந்திருக்குமா?

ஆகவே விழிப்பு வருமா என்றால், கதவு திறக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். 1962 பெரிய வெள்ளியன்று பாஸ்டனில் ஒரு தேவாலயத்தில் 20 இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு சைலோசைபின் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருடம் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோதும், அன்று பார்த்தது உண்மைதான் என்றே அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கே ஒரு மாணவன் நிலை தடுமாறி வெளியே ஓடி, அவனைப் பிடித்து ஊசி போட்டு அடக்கவேண்டி வந்தது. அதை முதல் அறிக்கையில் எழுதாமலே விட்டுவிட்டார்கள்.

அதனால் தங்கை மகனைக் கொஞ்சம் கவனி. இரவில் தூங்குகிறானா, ஓயாமல் பேசுகிறானா என்று பார். அவன் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு இருந்தது உனக்குத் தெரியும். நெருங்கிய உறவில் அப்படி இருந்தால் ஆராய்ச்சிக்காரர்களே இந்தச் சோதனைகளில் சேர்ப்பதில்லை. திட்டாதே, கேலியும் செய்யாதே. அவன் அழுதான் என்றால் அது அவனுக்குப் பெரிய விஷயம். மறுபடியும் மலைக்குப் போகிறேன் என்றால் மட்டும் என்னிடம் அனுப்பு, நான் பேசுகிறேன்.

நீ சாப்பிட வேண்டாம். இதய மாத்திரை போடுகிற உடம்பு. காட்டில் பொறுக்கி விற்பது எந்தக் காளான் என்று விற்கிறவனுக்கே சரியாகத் தெரியாது. சட்டப்படியும் குற்றம். ஆனால் நான் தடுப்பது இதற்காக மட்டும் இல்லை.

1996 சித்திரையில் நீ திருவண்ணாமலையிலிருந்து நேரே இங்கே வந்தாய். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, என் வீட்டில் சாப்பிடமாட்டேன், தம்பி வீட்டிலும் சாப்பிடமாட்டேன் என்றாய். மூன்று நாள் டீக்கடை பன்னைத் தின்றுகொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கத்தும்போது அப்படியே உட்கார்ந்திருந்தாய், உன் முகத்தில் யார் பக்கமும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பிதான் முதலில் அழுதான். அடுத்த வாரம் வழக்கை எடுத்துவிட்டோம். உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நீ எழுதியதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றான்.

தை பிறந்ததும் வா. நாலு நாள் இருக்கிற மாதிரி வா. இந்த முறை சாப்பாடு தம்பி வீட்டில்தான் என்று அவன் இப்போதே சொல்லிவிட்டான்.

அன்புடன்,
ராஜாங்கம்