ஆண்டறிக்கை: பாட்டு நோட்டுகளும் தறிக்கூடத்து ஒத்திகைகளும்

அன்பு உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும் செயலாளரின் வணக்கம்.

சட்டப்படி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார், பொருளாளர் அதைத் தனியாக வாசிப்பார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாள்களும் போய்விட்டன. அந்த வகையில் பாக்கி எதுவும் இல்லை.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த பெரிய முடிவு, நம் மெல்லிசைக் குழுவின் பழைய பாட்டு நோட்டுகளைத் தேடித் திரட்டுவது. பாதி வேலை நடந்திருக்கிறது. பரணில் இருந்து, டிரங்குப் பெட்டியில் இருந்து, ஒரு வீட்டில் பழைய பேப்பர் கட்டுக்குள் இருந்து எல்லாம் எடுத்து வந்தோம். புதியவர்கள் அவற்றைக் கட்டாயம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தின் தலையில் பாட்டின் முதல் வரி, வலது ஓரத்தில் சுருதி எத்தனை கட்டை என்ற குறிப்பு, நீல மையில் பாட்டு, சிவப்பு மையில் பிஜிஎம்முக்கு ஸ ரி க ம. இடையிடையே 'இங்க தபேலா நிறுத்து, டோலக் மட்டும்', 'ரெண்டாவது சரணம் முடிஞ்சு அக்காவைப் பார்' என்று பென்சிலில் எழுதியிருக்கும். பல பக்கங்களில் சந்தனக் கை பட்ட மஞ்சள் தடம் இருக்கிறது, கோவில் கமிட்டிக்காரர்கள் மேடையில் பூசிவிட்ட சந்தனம்.

இந்த நோட்டுகள் எப்படி உண்டாயின என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் வாசித்த பாட்டுகளில் முக்கால்வாசி காதால் எடுத்தவை. எழுபதுகளில் நம்மில் ஒருவர் வீட்டிலும் டேப் ரெக்கார்டர் கிடையாது. மதுரை செல்லூரில் ஒரு உறுப்பினரின் தறிக்கூடம்தான் நமக்கு ஒத்திகைக் கூடம், தறி நின்ற பிறகுதான் வாசிக்க முடியும், பஞ்சுத் தூசி அடங்குகிறவரை புல்லாங்குழல் தம்பி வாசலிலேயே நிற்பான். இலங்கை வானொலியிலோ விவித் பாரதியிலோ வேண்டிய பாட்டு எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் மூன்று நான்கு நிமிடம்தான், அதனால் ஆளுக்கொரு பங்கு பிரித்துக்கொள்வோம். பல்லவியும் முதல் சரணமும் ஒருவர் எழுத வேண்டும், இரண்டாவது சரணம் இன்னொருவர், தாளம் எங்கே மாறுகிறது என்று பாங்கோஸ் வாசித்த நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கார்டியன் அண்ணன் வார்த்தைகளைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரலால் அழுத்தி அழுத்தி பிஜிஎம்மைப் பிடிப்பார். "டேய் மாப்ள, பேசாதடா, வந்துருச்சு" என்று யாராவது கத்தினால் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்க மாட்டோம். பாட்டு முடிந்ததும் அவரவர் எழுதியதை ஒட்டிப் பார்ப்போம். விட்டுப்போன இடத்துக்கு அடுத்த முறை அது ஒலிபரப்பாகும்வரை காத்திருக்க வேண்டும், அது ஒரு வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவசரக் கச்சேரி என்றால் அந்த இடத்தை நாமே இட்டு நிரப்பிவிடுவோம். அப்படி நிரப்பிய துண்டுகள் எல்லாம் இப்போது நோட்டில் இருக்கின்றன, வேறு எங்கேயும் இல்லை. அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்காகத்தான்.

1976-ல் அன்னக்கிளி வந்தபோது நம் குழுவின் வேலையே மாறியது. இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம், நம்ம பக்கத்து ஆள் இசையமைத்த படம் என்ற பெருமை ஒரு பக்கம், இந்தப் பாட்டுகளை எப்படி எடுப்பது என்ற மலைப்பு இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு வந்த பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாக ஒரு வழியில் போகும், வயலின்கள் வேறொன்று பேசும், ஒரே காதால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. கிடார் தம்பி இரவெல்லாம் உட்கார்ந்து கீழ்த் தந்தியை மட்டும் பழகினான். டி.எம்.எஸ். பிறந்த ஊர் என்பதால் அவர் குரலில் பாட நம்மிடம் ஆள் எப்போதும் உண்டு, ஆனால் ஜானகி அம்மா பாட்டுக்கு ஆள் கிடைக்காமல் தவித்தோம். நர்ஸ் வேலை பார்த்த நம் அக்கா வந்த பிறகுதான் குழு முழுக்குழு ஆனது. நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக ஒத்திகைக்கு வந்திருக்கிறார்.

தபேலா மாமா பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் பாடினால் ஒன்று, ஒன்றரைக் கட்டை, பெண் பாடினால் ஐந்து, ஐந்தரை, பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். அதற்காகத் தனித்தனியாகச் சுருதி சேர்த்த தபேலாக்களை வேட்டியில் மூட்டை கட்டி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வருவார், மேலே கேரியரில் போட விடமாட்டார். தை மாதத்துப் பனியில் தோல் இறங்கிவிடும். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டுக்கான தபேலாவை 100 வாட் பல்புக்கு அடியில் காட்டிச் சூடேற்றி, சின்னச் சுத்தியலால் ஓரத்தில் தட்டித் தட்டி ஏற்றுவார், அந்தத் தட்டல் மைக்கில் விழாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு.

சோழவந்தான், மேலூர், அவனியாபுரம், உசிலம்பட்டி என்று பங்குனியில் தொடங்கினால் வைகாசிவரை ஊர் ஊராகப் போனோம். சாமி ஊர்வலம் முடிந்து மேடை ஏறவே இரவு பத்து ஆகும். முளைப்பாரி தூக்கிய களைப்போடு பெண்கள் பாய் விரித்து முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், சீட்டில் பாட்டு எழுதி ரூபாய் நோட்டைக் குத்தி அனுப்புவார்கள், "அன்பளிப்பு பத்து ரூபாய்" என்று பெயரோடு மைக்கில் வாசித்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றானது. தூக்கம் கெடுகிறவர்கள், நோயாளிகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், விதி நியாயமானதுதான். ஆனால் நம் கச்சேரி தொடங்குகிற நேரமே அதுவாக இருந்ததால் வாய்ப்புகள் வேகமாகக் குறைந்தன. அப்புறம் ஆடல் பாடல் வந்தது, கரோக்கி வந்தது.

கரோக்கியில் பாடுகிறவர்களும் இசைப்பிரியர்கள்தான், நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். ஆனால் பதிவு செய்து வைத்த டிராக் யாருக்காகவும் நிற்காது. நம் அக்கா ஒருமுறை திருப்பரங்குன்றத்தில் சரணத்தை மறந்து நின்றபோது அக்கார்டியன் அண்ணன் சலனமே இல்லாமல் அதே பிஜிஎம்மை மறுபடி தொடங்கினார், நாங்கள் அத்தனை பேரும் கூடவே திரும்பினோம், அக்காவுக்கு வரி ஞாபகம் வந்தது, கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் சேர்ந்து சுற்றி வந்து கூட்டிக்கொண்டு போகிற அந்தப் பழக்கம் இளையவர்களுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த அக்கார்டியன் அண்ணன் இந்த ஆண்டு நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் குடும்பத்தினர் அவருடைய நோட்டுகள் அனைத்தையும், வாத்தியத்தையும் சங்கத்துக்கே தந்திருக்கிறார்கள். பொதுக்குழு எழுந்து நின்று அஞ்சலி செலுத்த வேண்டுகிறேன். அக்கார்டியனின் துருத்தி இரண்டு மடிப்பில் கிழிந்திருக்கிறது, பழுது பார்ப்பதற்கான செலவுக்கு ஒப்புதல் கேட்டுத் தனித் தீர்மானம் வருகிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஒத்திகை மறுபடி தொடங்கிவிட்டது. கல்லூரி படிக்கிற ஒரு தங்கை கீபோர்டில் உட்கார்ந்து, அண்ணனின் சிவப்பு மைக் குறிப்பைப் பார்த்து, நாம் இட்டு நிரப்பிய ஒரு துண்டை அப்படியே வாசித்தபோது தபேலா மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இன்னொருவாட்டி வாசி தாயி" என்றார். இனி ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பாட்டையாவது இளையவர்கள் போன் பார்க்காமல் காதால் மட்டும் எடுக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

வீட்டில் இன்னும் நோட்டுகளோ கச்சேரி கேசட்டுகளோ வைத்திருப்பவர்கள் அடுத்த ஒத்திகைக்குக் கொண்டு வாருங்கள். நோட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம். கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே தாருங்கள், நாடா அறுந்துவிடும்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நன்றி.

செயலாளர்