கல்லுப்பு மட்டும் போதும்

போர்ட்டோ அலெக்ரே, பிரேசில்
ஞாயிறு இரவு

பாசமுள்ள மக்களே,

நேற்று போனில் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டதற்கு "குப்பூஸும் தயிரும்" என்றாய். வெறும் அரபு ரொட்டியும் தயிரும் என்று கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இன்று பகல் முழுக்கத் தீப்பக்கம் நின்று இறைச்சி சுடப் படித்தேன். அப்போதும் உன் நினைப்புதான். மறப்பதற்குள் உனக்கு எழுதிவிடுகிறேன்.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்தான் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். ஒரு வீட்டின் பின்கட்டு, செங்கல்லில் கட்டிய பெரிய அடுப்பு, எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். இந்தச் சமையலுக்கு ஷுஹாஸ்கு என்று பெயர். இந்த ஊர்ப் பக்கம் அடுப்பு ஆண்களின் வேலை என்பது பழைய வழக்கம். ஆனால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என் வயதுள்ள ஓர் அம்மா. சின்ன வயதில் அப்பாவிடம் அடம்பிடித்துக் கற்றுக்கொண்டாராம். போனதும் என் கையில் கத்தியையும் இறைச்சியையும் கொடுத்தார், உன் அப்பாவிடம் தக்காளியையும் வெங்காயத்தையும் கொடுத்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இறைச்சியைக் கையில் வாங்கியதும் என் கண் மசாலாவைத் தேடியது. முப்பது வருஷமாக மல்லியும் மிளகும் தேங்காய்க்கொத்தும் இல்லாமல் நான் இறைச்சி வைத்ததில்லை. அங்கே மேசையில் ஒரே ஒரு கிண்ணம்தான், அதில் நம் கல்லுப்பு. வேறு எதுவும் இல்லை.

அந்தத் துண்டின் பெயர் பிக்கான்யா. மாட்டின் பின்முதுகில், வாலுக்குச் சற்று முன்னே இருக்கும் தசை. ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கொழுப்பு விரல் தடிமனுக்குப் போர்த்தியிருக்கும். அதை நாரின் போக்கிலேயே மூன்று விரல் தடிமனில் வெட்டி, கொழுப்பு வெளியே இருக்கும்படி பிறை மாதிரி வளைத்து, நீளக் கம்பியில் குத்தவேண்டும். தீயில் வைக்கும் நேரத்தில்தான் கல்லுப்பைத் தாராளமாக அப்ப வேண்டும். நான் பயந்து பயந்து தூவினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "இன்னும், இன்னும்" என்றார். வெந்ததும் கத்தியின் முதுகால் கம்பியைத் தட்டினால், இறைச்சி எடுத்துக்கொண்டது போக மீதி உப்பு பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. பிறகு நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து சாப்பிட வேண்டும். வாயில் வைத்தேன், மக்களே. இறைச்சிக்கென்று இப்படி ஒரு சொந்த ருசி இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

தீயைப் பற்றித்தான் அவர் அதிக நேரம் பேசினார். கரி எரிந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை இறைச்சியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கொழுப்பு சொட்டிச் சுவாலை எழும்பினால் உடனே கம்பியைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் புகைக்கரி கசக்கும். கனலுக்கு மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணச் சொன்னார். நாலு, ஐந்து எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் பிக்கான்யாவுக்குச் சரியான சூடு. விலா எலும்பு வேறு கதை. அதை எலும்புப் பக்கம் தீயைப் பார்க்கும்படி தூரத்தில் வைத்து மணிக்கணக்கில் விட்டுவிட வேண்டும். நாங்கள் போவதற்கு முன்பே காலையில் ஏற்றியிருந்தார். மத்தியானம் எலும்பை இழுத்தால் கையோடு வந்தது.

இந்தச் சமையல், மாடு மேய்த்த கவூஷோக்களுடையது. புல்வெளியில் இருந்ததெல்லாம் மாடும் விறகும் உப்பும்தான். அந்த மாடுகளை 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் கொண்டுவந்தது இயேசு சபைக் குருக்கள் என்று சொன்னார்கள். நம் கோட்டாறு சவேரியாரின் அதே சபை! நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் சாப்பாட்டு மேசைக்கு ஒரு பெரிய தட்டு வந்தது. மூடியைத் திறந்தால், ஆவி பறக்க அவித்த மரச்சீனிக்கிழங்கு! நடுநரம்புகூட நம் வீட்டில் எடுப்பது போலவே எடுத்திருந்தது. இங்கே அதற்கு அய்பீம் என்று பெயர். அதே கிழங்கின் மாவை வெண்ணெயில் வெங்காயத்தோடு வறுத்து, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளவும் கொடுத்தார்கள், அது ஃபரோஃபா. மரச்சீனியின் பூர்வீகமே இந்தத் தேசம்தான். போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். நம் திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். பஞ்ச காலத்தில் நம் வீட்டைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான் என்று உன் பாட்டி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அது பிறந்த மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டி இருந்திருந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

சரி, இப்போது உன் விஷயம். கடற்கரைக்குப் போய்க் கோழி சுடுவோம் என்று போன மாதம் சொன்னாயே, இந்த வெள்ளிக்கிழமை இப்படிச் செய்து பார். கோழிக்குப் பதில் மாட்டிறைச்சி வாங்கு, கடையில் கொழுப்பை வெட்டி எறியாத துண்டாகக் கேள். பொடியுப்பு வேண்டாம், அது கரித்துவிடும். மசாலா அரைக்க நேரமில்லை என்று இனி நீ சொல்ல வேண்டியதில்லை. உப்பைப் போடு, கனல் வரும்வரை அவசரப்படாமல் இரு. அறையில் இருக்கும் பையன்களையும் கூட்டிக்கொண்டு போ. தனியாக உட்கார்ந்து குப்பூஸ் தின்னாதே.

அப்பா, தான் செய்த தக்காளி வெங்காய வினிகர்க் கலவையின் அளவைத் தனித்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை அடித்துத் திருத்தியாகிவிட்டது. அதையும் இதோடு வைத்து அனுப்புகிறேன்.

அம்மா